நான் கொட்டிய சேறு

எங்கள் ஆய்வு நிறுவனத்தில் இப்போது எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். தண்ணீர், தாவரம், பழைய வீடுகள், பேச்சுவழக்கு, மீன்பிடி என்று தனித்தனி அறைகளில் உட்கார்ந்து புதுச்சேரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இனி ஒரே பிரிவாம். நகர ஆய்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதையொட்டி ஒரு மலர் போடப் போவதாகச் சொல்லிக்கொண்டு கவிதா என் முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தண்ணீர்ப் பிரிவுக்கு வந்த பெண். நல்ல உழைப்பாளி.

"மேடம், நீங்களும் மதலேன் மேடமும் நகமும் சதையுமா இருந்தீங்களாமே. எல்லாரும் சொல்றாங்க. அதப் பத்தி எழுதிக் குடுங்க."

நகமும் சதையுமாகத்தான் இருந்தோம். நகத்துக்கும் சதைக்கும் நடுவே சிலாம்பு ஏறினால் எப்படி இருக்கும் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. எனக்கு மதலேன் மேல் பொறாமை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த வரியை எழுதும் நேரம் வரைக்கும் பொறாமை. இதைத் தவிர்த்துவிட்டு என் வேலையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. மலருக்கு ஆகாது என்று நினைத்தால் கவிதா வெட்டிக்கொள்ளட்டும்.

எங்கள் அப்பாவுக்குப் பாகூரில் கொஞ்சம் நிலம் இருந்தது. ஏரித் தண்ணீர் எப்போது வரும், எந்த மடை திறக்கும் என்ற பேச்சையே கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, நான் நிலத்தடி நீரைப் படித்தேன். நிறுவனத்தில் கட்டுரைகள் பிரெஞ்சிலும் வர வேண்டும் என்பதால் மாலை வகுப்புக்குப் போய், வாய்ப்பாடு மாதிரி அதையும் மனப்பாடம் செய்தேன். மதலேனின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். வீட்டில் சொல்தா பென்ஷன், பிரெஞ்சு அரசு பழைய சிப்பாய்களுக்குத் தரும் பணம். அவள் பிரெஞ்சு படிக்கவில்லை. அது அவள் வீட்டில் சோறு மாதிரி கிடந்தது. நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். அன்றைக்கே நான் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னபோது, அவள் காபியை ஆற்றிக்கொண்டே, "உப்புக்கு 'லா' இல்லடி, 'லெ'," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். உப்பைப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். பிரெஞ்சில் உப்பு ஆண்பாலா பெண்பாலா என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவளுடைய துறை மகரந்தம். பூவிலிருந்து உதிரும் அந்தத் தூள் சேற்றில் புதைந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். சேற்றை அமிலத்தில் கரைத்து, கொதிக்கவைத்து, சுழற்றி வடித்து, மிஞ்சுவதைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த இடத்தில் அந்தக் காலத்தில் என்ன மரம் நின்றது என்று சொல்லிவிடலாம். மதியம் சாப்பிட்டதும் அவள் மேஜையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்குவாள். குறிப்பு எடுக்க மாட்டாள். எழுதினால் ஒரே மூச்சில் எழுதுவாள், திருத்தமில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். என் கட்டுரைகள் மூன்று தடவை திரும்பி வந்து, நாலாவது தடவை அடிக்குறிப்பாகப் போகும்.

எங்கள் இயக்குநர் தைரியநாதன் காரைக்காலைச் சேர்ந்தவர். ஒல்லியான மனிதர். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டு, வேர்க்கடலையை உரித்து உரித்துத் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே அறிக்கை படிப்பார். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கி வருவார். "முடிவ முன்னாடியே தெரிஞ்சிக்கிட்டா, நடுவுல நீங்க எங்க ஏமாத்துறீங்கன்னு கண்டுபுடிக்கலாம்" என்பார். ஒப்புக்கொண்டால் ஒரே சொல்: "போன்." பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தம். எனக்குக் கிடைப்பது கதவு சாத்துகிற மாதிரி சின்ன 'போன்'. மதலேனுக்கு அது கொஞ்சம் நீண்டு வரும். மற்றவர்களுக்கு இந்த வித்தியாசம் கேட்டதா என்று தெரியாது. எனக்குக் கேட்டது.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வியாழக்கிழமை பிற்பகல் எல்லாப் பிரிவினரும் கூட வேண்டும். யாரும் தன் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது; இன்னொருவர் வேலையைத்தான் பேச வேண்டும். யாருடைய வேலையோ அவர் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தப்பாகச் சொன்னாலும் கடைசி வரை பொறுத்திருக்க வேண்டும். பழைய வீடுகளை அளப்பவர் மார்க்கெட் பெண்களின் பேச்சுவழக்கைப் பற்றிப் பேசுவார். பேச்சுவழக்கு ஆராய்கிறவர் மீன் வலையைப் பற்றிப் பேசுவார். "ஒரே ஊரத்தான் எல்லாரும் பாக்குறீங்க. அடுத்தவன் கண்ண ஒரு மணி நேரம் கடன் வாங்கிப் பாருங்க" என்பார் தைரியநாதன் சார்.

முதல் தடவை என் வேலை மதலேனுக்கு வந்தது. சாரம் பகுதிக் கிணறுகளில் நான் எடுத்த அளவுகளைப் பற்றி அவள் பேசினாள். கிணறு கிணறாக நான் அலைந்தது, நீர்மட்டத்தை நாடாவை இறக்கி அளந்தது, பாட்டிலை அந்தந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே கழுவி, காற்றுக் குமிழ் இல்லாமல் ததும்ப நிரப்பி மூடியது எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "தமிழரசி தண்ணிய அளக்கல. இந்த ஊரு மூச்சு விடுறத அளக்கறா. மழைக்கு மேல வருது, கோடைக்குக் கீழ போவுது," என்றாள். அறை முழுக்கக் கைதட்டல். தைரியநாதன் சார் நீண்ட போன் சொன்னார். எனக்கு என் கல்யாணத்தில் அவள் மணையில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. அத்தனை ஆண்டு வெயிலில் அலைந்தும் அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றவில்லையே என்று வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் காலையில் அவள், "நேத்து நல்லா பேசுனேனாடி? பயந்துக்கினே இருந்தேன்," என்று கேட்டாள். நல்லா இருந்துச்சு என்றேன்.

இப்படியே பல வருடம் ஓடியது. இனி அந்தக் குப்பத்து விஷயம்.

ஊருக்குத் தெற்கே கடலையொட்டிய மீனவர் குப்பம் அது. பெயரை எழுதப் போவதில்லை. 'உப்புத் தண்ணி ஊரு' என்று சொல்லிச் சொல்லி அங்கே பெண் எடுக்கவும் கொடுக்கவும் யோசித்த காலம் உண்டு. மறுபடி அதைக் கிளப்ப வேண்டாம். அங்கிருந்த போர்க்குழாய்களில் தண்ணீர் வருடா வருடம் கரிப்பு ஏறிக்கொண்டு வந்தது. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. கடல் நிலத்துக்குள் புகுகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அதிகாரிகள் எங்களைக் கேட்டார்கள். ஆமாம் என்று வந்தால் குப்பத்தையே காலி செய்து, உள்நாட்டில் அடுக்குமாடி கட்டிக் கொண்டுபோய் வைப்பதாகத் திட்டம். கூடவே சில போர்களைப் புதிதாகத் துளைத்துப் பார்க்கவும் அனுமதி கொடுத்தார்கள்.

நான் பாட்டில்களோடு போய் நின்ற முதல் நாளே பூங்காவனம் என்னைப் பிடித்துக்கொண்டாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து வழியில் நின்றாள்.

"இன்னாம்மா, எங்க தண்ணிய எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போறீங்க?"

"உப்பு எவ்ளோ இருக்குன்னு பாக்கப் போறோம்."

"அத நாக்குல வெச்சாலே தெரியுமே. உப்பு இருக்குதுன்னு எழுதுனா எங்கள மாடி வூட்டுக்குத் தொரத்துவாங்களாமே? கடல வுட்டுட்டு எங்கம்மா போறது? வலையக் கொண்டாந்து மொட்ட மாடில காய வெக்கிறதா? விடியக்காலைல பஸ் புடிச்சு வந்து கட்டுமரம் தள்றதா?"

"நான் உள்ளதத்தான் எழுதுவேன்."

"எழுதேன். யாரு வாணாம்னா? உள்ளதா பாத்து எழுது."

துளைக்கும்போது குழாய் வழியே சேறு பொங்கி வரும். எனக்குத் தேவை தண்ணீர் மட்டும். சேற்றை ஓரமாகக் கொட்டச் சொல்வேன். மதலேன் அந்த நாட்களில் சும்மாவே என்னோடு வருவாள். கவிழ்த்த மீன் கூடை மேல் உட்கார்ந்துகொண்டு பூங்காவனத்தோடு கதை பேசுவாள். நடுவில் எழுந்து, "நீ கொட்டற சேத்த எனக்குக் குடுடி," என்று பாலித்தீன் பைகளில் அள்ளி, எவ்வளவு ஆழத்தில் வந்தது என்று துளைக்கிறவரைக் கேட்டுச் சீட்டு ஒட்டிக்கொள்வாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. வேண்டாததைத்தானே எடுத்துப் போகிறாள், போகட்டும் என்று இருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு மாதிரியையும் நானே பார்த்தேன். தண்ணீரில் நிறங்காட்டியைக் கலந்தால் மஞ்சளாகும். மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த இடத்தில் சிவந்து சிவந்து மறையும். ஒரு சொட்டில் அந்தச் சிவப்பு மறையாமல் செங்கல் நிறமாகத் தங்கிவிடும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு கெட்டுவிடும். இந்த ஒரு விஷயத்தில் நிறுவனத்திலேயே எனக்கு ஈடு இல்லை. மதலேனால் ஒரு தடவை கூடச் சரியான சொட்டில் நிறுத்த முடிந்ததில்லை.

தெரு வாரியாகச் சராசரி எடுத்தபோது எல்லாத் தெருவும் ஒரே பக்கம் சாய்ந்தன. உப்பு ஏறுகிறது. வரைவு அறிக்கையில், கடல்நீர் உட்புகுந்திருப்பதாகத் தெரிகிறது என்று எழுதினேன். ஒரே ஒரு இடம் மட்டும் ஒத்துவரவில்லை. கரையோர மணல்மேட்டில் பெண்கள் கையால் தோண்டிய ஒரு ஊற்றுக்குழி. அதில் தண்ணீர் இனித்தது. மழைநீர் தேங்கியது, விதிவிலக்கு என்று எழுதிக் கடைசிப் பக்கத்தில் போட்டேன்.

தைரியநாதன் சார் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தில் தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டார்.

"தமிழரசி, கடல் உள்ள வர்ற விருந்தாளின்னா, மொதல்ல எங்க நிக்கணும்?"

"வாசல்ல சார்."

"வாசல்ல தண்ணி இனிக்குது. உள்ள இருக்கிற தெருவுல கரிக்குது. வாசல்ல கால் வைக்காதவன் அடுப்படில எப்படி உக்காந்திருக்கான்?"

நான் அவர் கையிலிருந்த கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்த்தேன்.

"இது தப்பாப் போனா யாரு வீடு மாறணும்? நீயா, நானா?" கடலைத் தோலைப் பையில் போட்டார். "உள்ள என்ன மண்ணு இருந்துச்சு?"

சேற்றைக் கொட்டிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் கதவருகே வந்து நின்ற மதலேன், "அந்தச் சேறு என்கிட்ட இருக்கு சார்," என்றாள்.

நீண்ட போன். அவர் இருந்த காலத்தில் நான் கேட்டதிலேயே நீளமான போன் அதுதான்.

அவள் அமிலங்களோடு மல்லாடிய அந்த வாரங்களில் நான் அவள் அறைப் பக்கம் போகவில்லை. ஒன்றும் அகப்படக் கூடாது என்று மணக்குள விநாயகரிடம் வேண்டிக்கொண்டேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, வேண்டிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் அவளே வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய் நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள்.

"பாரு."

பார்த்தேன். இளமஞ்சளில் உருண்டை உருண்டையாக, நெட்டுக்கு மூன்று பள்ளம் ஓடுகிற மகரந்தம். பார்வையை நகர்த்திய இடமெல்லாம் அதே. அது அவ்வளவு அழகாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"சுரபுன்னை. கூடவே கண்டலும் இருக்கு. ரெண்டும் உப்புச் சேத்துல நிக்கிற மரம். நீ கொட்டுன கறுப்புச் சேறு முழுக்க இதுதான். மேல இருக்கிற மணல்ல ஒண்ணு கூட இல்ல. அந்தத் தெருவுங்களுக்கு அடியில ஒரு காலத்துல கழிமுகம் இருந்திருக்குடி. சதுப்புக் காடு. கடல் இப்ப வரல. எப்பவோ வந்துட்டுப் போயிருச்சு. உப்ப மட்டும் அந்தச் சேத்துல பூட்டி வெச்சுட்டுப் போயிருக்கு. நம்ம போர்க்குழாய் போயி அந்தப் பூட்டத் தொறந்துருக்கு. வுவாலா, பாத்தியா!"

அவள் சிரித்தாள். நான் எழுந்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். தப்பு கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். என் அளவுகளைத் தெரு வாரியாக வைத்திருந்ததைக் கலைத்து, குழாயில் தண்ணீர் நுழையும் ஆழத்தின்படி மறுபடி அடுக்கினேன். கறுப்புச் சேற்றின் ஆழத்தில் துளை வைத்த குழாய்கள் எல்லாமே கரித்தன. அதற்கு மேலே மணலிலேயே நின்ற குழாய்கள் கரிக்கவில்லை. ஒன்று கூடப் பிசகவில்லை. அவள் சொன்னதை நிரூபித்தவை, நான் ஒரு சொட்டு தப்பாமல் எடுத்த எண்கள்தான். மணல்மேட்டில் அகலமாக, ஆழமில்லாமல் ஒரு கிணறு வெட்டி மழைநீரை எடுத்துக்கொண்டு, ஆழ்குழாய்களை மூடிவிட்டால் போதும். குப்பம் எங்கும் போக வேண்டியதில்லை.

முடிவைக் குப்பத்திலேயே, அதிகாரிகள் முன்னால், மக்கள் முன்னால் சொல்ல ஏற்பாடானது. கோயில் பந்தலில் நாற்காலி போட்டிருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது தைரியநாதன் சார், "வியாழக்கெழம மொறதான். மதலேன் வேலைய தமிழரசி சொல்லட்டும். தமிழரசி வேலைய மதலேன் சொல்லட்டும்," என்றார்.

மைக்கைப் பிடித்தேன். நான் கொஞ்சம் குழப்பிப் பேசினால் போதும், அதிகாரிகள் இன்னொரு ஆய்வு வேண்டும் என்பார்கள். மதலேனின் கண்டுபிடிப்பு ஒரு வருடம் கிடப்பில் கிடக்கும். அந்த நினைப்பு வந்தது. முன்வரிசையில் பூங்காவனம் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச ஆரம்பித்தேன். ஒரு கிழங்கான் மீன் கூடையையே உவமையாக எடுத்துக்கொண்டேன். கூடையை வீட்டுக்குள் வைத்துவிட்டு எடுத்துப் போன பிறகும் வீட்டில் நாற்றம் இருக்கும்; நாற்றம் இருக்கிறதே என்று மீன் இன்னும் உள்ளே இருப்பதாக நினைக்கக் கூடாது; கடலும் அப்படித்தான் என்றேன். பந்தலே சிரித்தது. அதிகாரி ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்டார். மகரந்தம் பொய் சொல்லாதா, காற்றில் பறந்து வந்திருக்கலாமே என்றார். அது சேற்றில் குவிந்து கிடப்பதையும் மேல் மணலில் ஒன்றுகூட இல்லாததையும் எடுத்துக் காட்டினேன். மதலேனே பேசியிருந்தாலும் அதைவிடத் தெளிவாகப் பேசியிருக்க மாட்டாள். இதைப் பொறாமையோடு சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன்.

இடம் மாற்றும் பேச்சைக் கைவிடுவதாகவும் கிணறு வெட்டித் தருவதாகவும் பெரிய அதிகாரி அங்கேயே அறிவித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். பூங்காவனம் எழுந்து, "இத கண்டுபுடிச்ச மகராசி யாரும்மா?" என்று கேட்டாள்.

நான் மதலேனைக் கை காட்டினேன். வேறு என்ன செய்ய?

அதற்குப் பிறகு மதலேன் என் வேலையைப் பற்றிப் பேசினாள். "தமிழரசி அளக்கலேன்னா இது வெறும் கதைதான்," என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டதால் வேறு யாருக்கும் கேட்கவில்லை. புறப்படும்போது பூங்காவனம் மதலேன் கையில் முழு வஞ்சிரம் ஒன்றைக் கொடுத்தாள். எனக்கு இலையில் ஒரு கை காரப்பொடி, மலிவான சின்ன மீன். வழியில் வண்டியை நிறுத்தி, வஞ்சிரத்தில் பாதியை வெட்டி எனக்குத் தருவதாக மதலேன் சொன்னாள். எங்கள் வீட்டில் வஞ்சிரம் சாப்பிட மாட்டோம் என்று பொய் சொன்னேன்.

அந்தச் சேறு அவளைப் பல நாடுகளுக்குக் கூட்டிப் போனது. கட்டுரையில் என் பெயரும் இருந்தது, இரண்டாவதாக. ஓய்வு பெற்ற பிறகு அவள் மகளோடு பிரான்சில் துலூஸுக்குப் போய்விட்டாள். தைரியநாதன் சார் காலமாகிவிட்டார். நான் இங்கேயே இருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகும் மாதம் ஒரு தடவை பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போய், அந்தக் கிணற்றில் நீர்மட்டம் பார்த்து, பாட்டிலில் தண்ணீர் எடுத்துவந்து வீட்டுச் சமையல் மேடையில் வைத்துச் சோதிக்கிறேன். கவிதா இதை அர்ப்பணிப்பு என்கிறாள். மதலேன் கண்டுபிடிப்பை நம்பி வெட்டிய கிணறு என்றைக்குக் கரிக்கும் என்று பார்க்கத்தான் போனேன்.

கரித்தது. போன வருடத்துக் கோடையில், செங்கல் நிறம் வர வேண்டிய சொட்டு வந்தும் நிறம் தங்கவில்லை. இன்னும் விட்டேன், இன்னும் விட்டேன். மறுநாள் போய்ப் புதிதாக எடுத்துவந்து பார்த்தேன். அதே. உப்பு ஏறியிருந்தது. முதலில் வந்தது சந்தோஷம். அடுப்பங்கரையில் தனியாக நின்று சிரித்தேன். இத்தனை வருடம் கழித்து அவள் தப்பு, நான் சரி. அந்தச் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அடங்கிய பிறகுதான் அந்தத் தண்ணீரில் உலை வைக்கிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பாட்டிலை மூடி வைத்தேன்.

இருந்தாலும் அவளுக்குச் சொல்லியாக வேண்டும். போன் போட்டேன். "மதலேன், உன் கெணறு கரிக்குதுடி," என்றேன். குரலைக் கவலையாக வைத்துக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. "அய்யோ," என்றாள். "பக்கத்துல எவனாவது புதுசா போர் போட்டு உறிஞ்சறானா பாருடி. மணல்ல இருக்கறது மெல்லிசான தண்ணி. அளவுக்கு மேல எடுத்தா அடியில இருக்கிற உப்பு மேல வந்துரும். நீதான் எனக்கு இதச் சொல்லிக் குடுத்தே, மறந்துட்டியா?"

மறந்துவிட்டிருந்தேன். தோற்றாள் என்ற சந்தோஷத்தில் என் பாடத்தையே மறந்துவிட்டிருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சொட்டு தண்ணீரைப் பார்க்காமல் அவள் சொல்கிறாள்.

போய்ப் பார்த்தேன். மணல்மேட்டுக்கு வடக்கே புதிதாக எழும்பிய விடுதியை மாதா மாதம் பார்த்திருந்தும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. சுற்றுச்சுவருக்குள் நீச்சல்குளம், புல்வெளி, இரவும் பகலும் ஓடுகிற மோட்டார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் போனேன். மோட்டார் ஓடும் நாளில் கிணற்று மட்டம் இறங்குவதையும், பண்டிகைக்கு விடுதி நிரம்பினால் உப்பு ஏறுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நிலத்தடி நீர் அலுவலகத்தில் முதலில் உட்காரச் சொன்னார்கள், பிறகு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். கவிதாவும் கூட வந்தாள். குப்பத்துப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்து அலுவலக வராந்தாவில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் கோப்பு நகர்ந்தது. விடுதி மணல்மேட்டில் போட்டிருந்த போர்களை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு செங்கல் நிறம் பழைய சொட்டிலேயே நின்றது.

இதைக் கட்டுரையாக்கலாம் என்று கவிதா வரைவு எழுதினாள். மதலேன் பெயரையும் போட வேண்டுமா என்று கேட்டு அவளுக்கு எழுதினேன். உடனே குரல்செய்தி வந்தது. "வேணாண்டி. இது முழுக்க உன் வேல. உன் பேரையும் அந்தப் பொண்ணு பேரையும் மட்டும் போடு. எனக்கு அவ்ளோ சந்தோஷம்." அதைப் பல தடவை கேட்டேன். குரலில் எங்கேயாவது ஒரு துளி வருத்தம் இருக்காதா என்று கேட்டேன். இல்லை. பெருந்தன்மையையும் எனக்கு மிச்சம் வைக்காமல் அவளே எடுத்துக்கொண்டாள்.

அவள் பெயரையும் போட்டேன். என் பெயர் முதலில்.

போன வாரம் குப்பத்துக்குப் போனபோது பூங்காவனம் கிணற்றடியில் இருந்தாள். இப்போது மார்க்கெட்டுக்குப் போவதில்லை, மருமகள் போகிறாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "தண்ணி நல்லா ஆயிடுச்சும்மா. அந்த மதலேன் அம்மா வந்துட்டுப் போனாங்களா?" என்று கேட்டாள்.

அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னால் அடக்க முடியவில்லை. "இல்ல பூங்காவனம். அவ வரல. இது நான் பண்ணது. வாரா வாரம் வெயில்ல வந்து அளந்தது நான். ஆபீசு ஆபீசா ஏறுனது நான். எப்பப் பாத்தாலும் அவளையே கேக்கறியே."

பூங்காவனம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ பண்ணதுன்னு எனக்குத் தெரியாதா இன்னா? உங்கூட வேன்ல வந்து குந்தலியா நானு? வராதவங்களத்தான் விசாரிப்பாங்க. எதிர்ல நிக்கிறவள எதுக்கும்மா விசாரிக்கணும்?"

பாட்டிலைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அந்த அம்மாவ நான் கேட்டேன்னு சொல்லு," என்றபடி நடந்தாள்.

மதலேனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். இந்த வாரம் வேண்டாம்.